பக்கத்து வீட்டுச் சத்தமும் டிஏ6 படிவமும்: இங்கிலாந்தில் முதன்முறை வீடு விற்பவர்களுக்கு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வீட்டை விற்க முடிவு செய்து சொலிசிட்டரை (விற்பனைப் பத்திர வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரை) அமர்த்தியதும் அவர் அனுப்பும் காகிதக் கட்டில் டிஏ6 என்றொரு படிவம் இருக்கும். சொலிசிட்டர்களின் அமைப்பான லா சொசைட்டி வெளியிடும் சொத்து விவரப் படிவம் இது. அனுப்புவது சொலிசிட்டர்; நிரப்பிக் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். வேலி யாருடையது, ஜன்னல் மாற்றியது எந்த ஆண்டு, பாய்லருக்குச் சான்றிதழ் உண்டா என்று மளமளவென எழுதிக்கொண்டு வருபவர்கள் ஓரிடத்தில் தயங்கி நிற்பார்கள். தகராறுகளும் புகார்களும் என்ற பகுதி அது. இந்த வீட்டைப் பற்றியோ அருகிலுள்ள வீட்டைப் பற்றியோ தகராறு, புகார் ஏதாவது இருந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. தகராறில் போய் முடியக்கூடிய எதுவும் உங்களுக்குத் தெரியுமா என்பது இன்னொன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் இரவு இரண்டு மணிக்குப் பாட்டுப் போடுகிறவர் அப்போதுதான் நினைவுக்கு வருவார். யோசனை சொல்லவும் ஆள் வந்துவிடும். "உதெல்லாம் எழுதாதேங்கோ அண்ணை, பிறகு வீடு விலைப்படாது" என்று ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் ஒரு தம்பியாவது சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் சொல்வதைக் கேட்டு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டால் என்ன ஆகும், போடாமல் எப்படி எழுதுவது என்பதைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் வீடு விற்கும் முறையே வேறு. அங்கே ஹோம் ரிப்போர்ட் என்ற வீட்டு நிலை அறிக்கையும் அதற்குரிய கேள்வித்தாளும் உண்டு. இங்கே சொல்பவை அங்கே பொருந்தா.

சட்டம் எந்த இடத்தில் பிடிக்கிறது

ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய விதி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது: வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். கேட்காத குறையை விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டிய பொதுக் கடமை கிடையாது. முன்பு ஒரு கொலை நடந்த வீட்டை அதைச் சொல்லாமல் விற்றவர்கள் மீது வழக்கு வந்தது. வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது வேறு ஏதாவது இருப்பதாக நினைக்கிறீர்களா என்று அன்றைய படிவம் கேட்டிருந்தது. இல்லை என்று அவர்கள் நேர்மையாகவே நினைத்து எழுதியதால் 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சத்தத் தொல்லைக்கும் அதே நிழல் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கிடைக்காது. அந்தக் கேள்வி 'நினைக்கிறீர்களா' என்றது. தகராறு பற்றிய கேள்வி நடந்ததா என்று நேரடியாகக் கேட்கிறது. கேட்டபின் தவறான பதில் சொன்னால் அது பொய்யான விவரம் தந்ததாகிவிடும். பொய்யான விவரம் பற்றிய 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்தில்தான் நுழைகிறது. தவறான விவரத்தை நம்பி ஒப்பந்தம் செய்தவர் இழப்பீடு கேட்கலாம். சில சமயம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொல்லலாம். வேண்டுமென்று பொய் சொன்னீர்கள் என்று அவர் நிரூபித்தாக வேண்டியதும் இல்லை. சொன்னது உண்மை என்று நம்பத் தக்க காரணம் இருந்ததைக் காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில்.

2003-இல் முடிந்த வழக்கொன்றில் பாதையில் வண்டி நிறுத்துவது, குப்பை போடுவது பற்றி அயலாரோடு இருந்த தகராறை விற்பவர்கள் மறைத்திருந்தார்கள். 67,500 பவுண்டு கட்டச் சொன்னது நீதிமன்றம். 2025 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இன்னும் பெரியது. லண்டன் நாட்டிங் ஹில்லில் 3.25 கோடி பவுண்டுக்குக் கைமாறிய மாளிகை அது. கம்பளி இன்சுலேஷனில் அந்துப்பூச்சி மண்டியிருந்தது விற்றவருக்குத் தெரியும். வாங்குபவரின் கேள்விகளுக்குக் கொடுத்த பதில்களில் அது இல்லை. உயர் நீதிமன்றம் விற்பனையையே ரத்து செய்து பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தரச் சொன்னது. பூச்சி ஆனாலும் சத்தம் ஆனாலும் வழக்கு ஓடும் தடம் ஒன்றுதான்: கேள்வி, பதில், அந்தப் பதிலை நம்பி வாங்கியவர்.

படிவம் வரும் முன்பே பழையதைத் தேடி எடுங்கள்

வீட்டைச் சந்தையில் போடும் முன்பே ஒரு மாலை ஒதுக்கி, சத்தம் தொடர்பாக எழுத்தில் இருப்பதையெல்லாம் ஒன்று சேருங்கள். கவுன்சிலுக்குப் போட்ட மின்னஞ்சல், சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு கொடுத்து நிரப்பச் சொன்ன சத்தக் குறிப்பேடு, கைபேசியில் பதிந்து அனுப்பிய ஒலிப்பதிவு, போலீஸின் 101 எண்ணுக்கு அழைத்தபோது கொடுத்த குறிப்பு எண், அயலாருக்குப் போன வாட்ஸ்அப், அவரிடமிருந்து வந்த கடிதம். எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும்.

வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். வேலைக்குப் போனவருக்குத் தெரியாமல் வீட்டில் இருந்தவர் கவுன்சிலுக்கு எழுதியிருப்பார். இல்லையென்றால் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போட்டிருப்பாள். 'எனக்குத் தெரியாது' என்று ஒருவர் சொல்வதால் இருவரும் தப்பிவிட முடியாது.

வாடகைக்கு விட்டிருந்த வீடென்றால் குடியிருப்பவர்களிடமும் லெட்டிங் ஏஜென்ட்டிடமும் கேளுங்கள். அவர்கள் உங்களுக்கு அனுப்பிய புகார் உங்கள் இன்பாக்ஸில் கிடக்கும்போது 'தெரியாது' என்று எழுத முடியாது. பெற்றோர் காலமானபின் அவர்கள் வீட்டை விற்பவர் நிலை வேறு. அந்த வீட்டில் வாழாதவர், அதைச் சொல்லி, தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று எழுதலாம்.

எது தகராறு, எது வெறும் சத்தம்

படிவம் இதற்கு இலக்கணம் வகுத்துத் தரவில்லை. ஆகவே நியாயமாக நினைக்கும் ஒருவர் எதைத் தகராறு என்பார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கவுன்சில், போலீஸ், வீட்டுச் சங்கம், ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தின் நில உரிமையாளர்), சொலிசிட்டர் என்று மூன்றாவது ஆள் யாரிடமாவது போயிருந்தால் அது புகார்தான். யோசிக்கவே வேண்டாம். எழுத்தில் ஒருவருக்கொருவர் குறை சொல்லியிருந்தாலும் அப்படியே. கோடையில் ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தநாள் விருந்து, நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டீர்கள் என்றால் அது எதுவுமில்லை.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில். பல மாதம் சத்தம். நீங்கள் வாயே திறக்கவில்லை. பின்னால் வீடு விற்கும்போது பதிவில் வந்துவிடும் என்று பயந்து புகார் கொடுக்காமல் பொறுத்துக்கொள்பவர்கள் நம்மவர்களில் அதிகம். இது வீண் தியாகம். இரண்டாவது கேள்வி தகராறாகக்கூடியதைத்தான் கேட்கிறது. பிளாட் என்றால் டிஏ7 என்று தனிப் படிவம் ஒன்று சேரும். அயலார் மீது புகார் செய்தீர்களா என்பதோடு, புகார் செய்யக் காரணம் இருந்ததா என்றும் அது கேட்கும். ஆக மௌனமாக இருந்ததால் படிவத்தில் ஒன்றும் மிச்சமாவதில்லை. தூக்கம் போனதுதான் கண்ட பலன். கவுன்சிலிடம் போயிருந்தால் தொல்லையே நின்றிருக்கலாம். 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி சத்தப் புகாரை விசாரிப்பது கவுன்சிலின் கடமை. சட்டப்படியான தொல்லை என்று தெரிந்தால் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இரவு 11 முதல் காலை 7 வரை எழும் சத்தத்துக்கு 1996-இன் சத்தச் சட்டமும் துணைக்கு இருக்கிறது.

பழைய விக்டோரிய வீட்டைக் கூறுபோட்டு பிளாட்டாக்கிய இடங்களில் இன்னொரு வகை. மேல்தளத்தில் குழந்தை நடந்தாலே கீழே இடி இடிக்கும். குற்றம் குழந்தையுடையதில்லை, தரையுடையது. இன்றைய ஒலித்தடுப்பு விதிகள் வருமுன் பிரித்த பிளாட்டுகளில் தரைக்கு நடுவே பெரிதாக ஒன்றும் வைத்திருக்கமாட்டார்கள். சாதாரணமாகக் குடியிருப்பதால் எழும் சத்தம் சட்டப்படி தொல்லை ஆகாது என்று அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1999-இலேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் அதைப் பற்றி நீங்கள் மேல்வீட்டுக்காரருக்கு நாலு மின்னஞ்சல் எழுதியிருந்தால் அவை புகார்கள்; படிவத்தில் வர வேண்டும். எழுதும்போது கட்டடத்தின் இயல்பு என்பதைச் சேர்த்துச் சொன்னால் வாங்குபவர் அயலாரைப் பார்த்துப் பயப்படமாட்டார். தரைக்கு ஒலித்தடுப்புப் போட எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்ப்பார். பேரம் அங்கிருந்து நடக்கும்.

இன்னொன்றை மறந்துவிடுகிறோம். கேள்வி இருபக்கமும் வெட்டும். உங்கள் மீது வந்த புகாரும் அதில் அடங்கும். முன்னறையில் மிருதங்க வகுப்பு, தோட்டத்தில் பந்தல் போட்டு நடந்த சாமத்தியச் சடங்கு, விடியற்காலை மிக்ஸி என்று யாராவது கடிதம் எழுதியிருந்தால் அதுவும் எழுத வேண்டியதே. நீங்கள் போனதும் அந்தச் சத்தமும் போய்விடும் என்பதால் வாங்குபவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஒரு வரி போதும்.

வீட்டை விற்றுத்தரும் ஏஜென்ட்டிடம் எப்போது சொல்வது

விலை பேசும் முன்பே. வழக்கத்தில் டிஏ6 வாங்குபவர் கைக்குப் போவது விலை ஒத்துக்கொண்டபின். அதற்குள் அவர் சர்வேக்கும் மோர்ட்கேஜுக்கும் சொலிசிட்டருக்கும் பணம் கட்டியிருப்பார். அந்த நேரத்தில் புதிதாக ஒரு சத்தத் தகராறு வெளிப்பட்டால் கோபத்தோடு விலையை இழுத்துக் குறைப்பார், அல்லது எழுந்து போய்விடுவார். இந்தப் பணத்தை நம்பி நீங்கள் வாங்கவிருக்கும் வீடு, அதை விற்பவர் வாங்கவிருக்கும் வீடு என்று தொடரும் சங்கிலியும் அதோடு அறும். முதலிலேயே தெரிந்தவர் அதை விலையில் சேர்த்துத்தான் ஆஃபர் கொடுத்திருப்பார், பின்னால் கிளறமாட்டார். கொஞ்சம் குறைந்த விலைக்கு ஒட்டிக்கொள்கிற ஆள், நல்ல விலை சொல்லி மூன்றாம் மாதம் ஓடுகிற ஆளைவிட மேல் என்பது என் கருத்து.

ஏஜென்ட் முகம் சுளிக்கலாம். ஆனால் அவருக்கும் கட்டுப்பாடு உண்டு. வாங்குபவரின் முடிவை மாற்றக்கூடிய முக்கிய விவரத்தை வியாபாரி மறைக்கக்கூடாது என்ற நுகர்வோர் விதிகள் 2008 முதல் இருந்தன. 2025 ஏப்ரல் 6 முதல் அவற்றின் இடத்தில் 2024-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரரான நீங்கள் வியாபாரி அல்லாததால் அது உங்கள் மேல் பாயாது. ஏஜென்ட் மேல் பாயும். சொல்வதை மின்னஞ்சலில் சொல்லுங்கள். அவர் தயாரிக்கும் விளம்பரத்தையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். 'அமைதியான தெரு' என்று பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். எடுக்கச் சொல்லுங்கள்.

எழுதும் விதம்

பதில் சுருக்கமாக, தேதியோடு, குணம் சொல்லாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். சாரம் இப்படி இருக்கலாம்:

"2022 மே முதல் செப்டம்பர் வரை, இடப்பக்கத்து வீட்டிலிருந்து வார இறுதி இரவுகளில் உரத்த இசை கேட்டது. இருமுறை நேரில் பேசினோம். 2022 ஜூலையில் கவுன்சிலின் சத்தப் பிரிவுக்குப் புகார் செய்தோம். அவர்கள் அந்த வீட்டுக்குக் கடிதம் அனுப்பினர். 2022 அக்டோபரில் அங்கிருந்த வாடகைதாரர் காலி செய்தார். அதன்பின் சத்தமோ புகாரோ இல்லை. கவுன்சில் கடித நகல் இணைக்கப்பட்டுள்ளது."

இதைப் படிப்பவருக்கு என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள், இப்போது எப்படி என்பது மூன்றும் தெரிந்துவிடும். முடிந்துபோன தகராறைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். கேள்வி நடந்து முடிந்ததையும் சேர்த்தே கேட்கிறது. முடிந்துவிட்டது என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி என்பதால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

எழுதக்கூடாததற்கும் ஓர் உதாரணம்: "பக்கத்து வீட்டுக்காரன் குடிகாரன், பைத்தியம், போதை விற்கிறவன் போலிருக்கிறது." அவர் காதுக்குப் போனால் அவதூறு என்று கிளம்புவார், போலீஸ் பதிவில் இல்லாத சந்தேகத்தை எழுதி மாட்டிக்கொள்வீர்கள். அயலார் பெயர், உடல்நிலை, குழந்தைகளைப் பற்றிய விவரம் எதுவும் வேண்டாம். கதவு எண்ணோ இடப்பக்கம் வலப்பக்கம் என்பதோ போதும்.

சுருக்கச் சொல்கிறேன் என்பதற்காக மழுப்பவும் கூடாது. ஒன்றரை வருடம் கவுன்சிலோடு மல்லுக்கு நின்றுவிட்டு 'ஒருமுறை சிறு மனத்தாங்கல்' என்று எழுதினால், பாதி உண்மையை நீதிமன்றம் முழுப் பொய்யைப்போலவே எடுத்துக்கொள்ளும். கவுன்சிலில் உங்கள் புகார் கோப்பு எண்ணோடு கிடக்கிறது. வழக்கு என்று வந்தால் உங்கள் மின்னஞ்சல்களையும் நீங்களே எடுத்துக் கொடுக்க நேரும்.

முதல் வரைவைச் சொலிசிட்டருக்கு அனுப்பிக் கேளுங்கள். எதைச் சொல்வது என்று அவர் உங்களுக்காகத் தீர்மானிக்க முடியாது, உண்மை தெரிந்தவர் நீங்கள். எப்படிச் சொல்வது என்பதில் உதவுவார். படிவத்தின் பதிப்புகள் மாறிக்கொண்டே இருப்பதால் கேள்வியின் சொற்களை உங்கள் கையில் உள்ள பதிப்பில் பார்த்துப் பதில் எழுதுங்கள். நண்பர் போன வருடம் எழுதியதை நகலெடுக்க வேண்டாம்.

வீடு பார்க்க வருகிறவர்கள்

"அக்கம்பக்கம் எப்படி?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும் என்று எண்ணி "அருமையான ஆட்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். வாயால் சொன்னதும் பொய்யான விவரத்தில் சேரும். முடிந்தவரை பார்வையை ஏஜென்ட்டே நடத்தட்டும். நீங்கள் இருக்க நேர்ந்தால், "சில காலம் முன்பு சத்தப் பிரச்சினை இருந்தது, விவரத்தைப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே எல்லாரையும் வரச்சொல்வது தன்னளவில் குற்றமில்லை. வெள்ளி இரவு வரலாமா என்று ஒருவர் கேட்டு, நீங்கள் சாக்குச் சொல்லி, படிவத்திலும் 'இல்லை' என்று போட்டிருந்தால் மூன்றும் சேர்ந்து திட்டமிட்ட மறைப்பாகத் தெரியும்.

மறைத்தது எப்படி வெளியே வரும் என்று கேட்கலாம். வாங்குபவரின் சொலிசிட்டர் செய்யும் தேடல்கள் விற்கப்படும் சொத்தைப் பற்றியவை. பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம் அவற்றில் வருவது அபூர்வம். காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த அயலாரே. புதிதாகக் குடிவந்தவரிடம் வேலியோரம் நின்று, "முன்பு இருந்தவர்கள் என்மேல் கவுன்சிலில் எழுதிக்கொடுத்தார்கள் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். பிளாட்டில் அதற்கு முன்பே வந்துவிடலாம்: நிர்வாக நிறுவனம் தனியாக நிரப்பும் எல்பிஇ1 படிவத்திலும் தகராறு பற்றிய கேள்வி உண்டு.

எக்ஸ்சேஞ்ச் வரை, அதற்குப் பின்

படிவத்தைக் கொடுத்ததோடு கடமை முடியவில்லை. நல்ல அயலார் என்று உண்மையாகவே எழுதிக்கொடுத்தபின், இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுக்குப் புதிய வாடகைதாரர்கள் வந்து இரவெல்லாம் கூத்தடிக்கலாம். பதிலை மாற்றக்கூடிய எது நடந்தாலும் உடனே சொலிசிட்டருக்கு எழுதுங்கள். எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு தரப்பும் ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வது, ஆகும்வரை யாருக்கும் கட்டு இல்லை; இப்போது சொன்னால் பேரம் பேசலாம், சொல்லாமல் விட்டால் அந்தப் பழைய பதிலே அன்றைக்குப் பொய்யாகிவிடும்.

வாங்குபவரின் சொலிசிட்டர் துணைக் கேள்விகள் அனுப்புவார். கவுன்சில் நோட்டீஸ் கொடுத்ததா, சமரசப் பேச்சு நடந்ததா, கடைசிச் சத்தம் எப்போது என்று. அவற்றுக்கும் முதல் பதிலைப் போலவே பதில் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்று எழுதலாம். தெரிந்ததைத் 'தெரியாது' என்று எழுதக்கூடாது.

ஏற்கெனவே 'இல்லை' என்று கொடுத்துவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், எக்ஸ்சேஞ்ச் ஆகவில்லையென்றால் நேரம் இருக்கிறது. இன்றே சொலிசிட்டருக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். ஆகிவிட்டதென்றால் தானாக எதையும் வாங்குபவருக்கு எழுதாமல் முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள்.

வீடு கைமாறியபின் படிவ நகல், இணைப்புகள், ஏஜென்ட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். இத்தகைய வழக்குக்குப் பொதுவாக ஆறு வருட எல்லை. மோசடி என்று குற்றச்சாட்டு வந்தால் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த ஆறு வருடம் எண்ணப்படும். வேலை மாறினால் போய்விடும் அலுவலக மின்னஞ்சலில் அந்தக் கோப்பை வைக்காதீர்கள்.